பிரேக் இல்லாத வண்டியும் பிரியமான வீரர்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பந்தயத்தின் ரசிகர்கள் யாரைக் கொண்டாடுகிறார்கள், ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதைப் பற்றி. ஒரு பந்தயம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் பார்த்த ஒருவரை ஐம்பது வருடம் கழித்தும் மறக்காமல் பேசுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அதிகப் பட்டம் வென்றவரைத்தான் எல்லோரும் விரும்புவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. பின்னால் மாட்டிக்கொண்ட பிறகும் முன்னே போக வழி தேடுகிறவர்கள்தான் இந்த விளையாட்டில் நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறார்கள். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அதற்கு முன் இந்த வண்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 500 சிசி, ஒற்றை சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். பிரேக் கிடையாது, முன் சக்கரத்திலும் இல்லை, பின் சக்கரத்திலும் இல்லை. நீள்வட்டத் தடத்தின் மேல் பொடிக்கல்லும் மண்ணுமாக ஒரு தளர்வான பரப்பு. நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடப்பக்கம். வளைவில் பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புவார்கள். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கும். அந்தக் காலைத் தரையில் இழைத்தபடிதான் வளைவைக் கடக்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கையிலிருக்கும் திராட்டிலும் (அதாவது ஆக்ஸிலரேட்டரும்) உடம்பின் சாய்வும்தான். முதலாவதாக வந்தால் மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வந்தவருக்கு ஒன்றுமில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டார்ட்டில் கட்டியிருக்கும் டேப் மேலே எழும்பும் கணத்தில் க்ளட்சை யார் சரியாக விடுகிறார்களோ, அவர் முதல் வளைவில் முன்னே இருப்பார். முன்னே போய்விட்டால் சுத்தமான தடம் கிடைக்கும். பின்னால் வருபவரின் முகத்தில் முன்னால் போகும் சக்கரங்கள் வாரி இறைக்கும் மண் வந்து அடிக்கும். கண்ணாடி மூடிவிடும், பாதை தெரியாது. அதனால் எத்தனையோ பந்தயங்கள் முதல் வளைவிலேயே முடிந்துவிடுகின்றன. மீதி மூன்றரைச் சுற்றும் ஊர்வலம்தான். அரங்கில் நிற்கும் ரசிகர் பணம் கொடுத்து வந்தது ஊர்வலம் பார்க்கவா? அந்த மூன்றரைச் சுற்றுக்கு உயிர் கொடுப்பவர் யாரோ, அவர்தான் அவருக்குத் தெய்வம்.

பீட்டர் கிரேவனை எடுத்துக்கொள்வோம். லிவர்பூலில் பிறந்தவர், மான்செஸ்டரின் பெல் வியூ அணிக்கு ஓட்டியவர், ஆள் சிறிய உருவம். 1955-இல் 21 வயதில் உலகப் பட்டம், 1962-இல் மறுபடியும். சமநிலையின் மந்திரவாதி என்று அவரை அழைத்தார்கள். வண்டியைத் தோள்பலத்தால் அடக்குவதற்கு அவரிடம் பலம் இல்லை. எனவே உடம்பின் எடையை இங்கும் அங்கும் மாற்றி மாற்றியே வண்டியை ஓட்டினார். மற்றவர்கள் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் நிமிர்ந்து நின்றார். 1963 செப்டம்பரில் எடின்பரோவில் நடந்த ஒரு பந்தயத்தில், எதிரே விழுந்து கிடந்த சக வீரரைத் தவிர்க்கப் போய் வேலியில் மோதினார். சில நாட்களில் இறந்துபோனார். வயது 29. அவர் இன்றும் நினைக்கப்படுவதற்கு இரண்டு பட்டங்கள் மட்டும் காரணமில்லை என்றே நான் நினைக்கிறேன். விழுந்தவன்மேல் ஏறாமல் விலகப் பார்த்த அந்தக் கடைசிச் செயலும், அவர் ஓட்டிய விதமும் ஒரே மனிதனிடமிருந்து வந்தவை என்று ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே இங்கிலாந்தில் பல ஆண்டுகள் கழித்து மார்க் லோரம் வந்தார். 2000-ஆம் ஆண்டின் உலக சாம்பியன். பல போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பட்டத்தைத் தீர்மானிப்பது கிராண்ட் பிரீ தொடர்; அந்த ஆண்டு அதில் ஒரு போட்டியையும் அவர் முதலிடம் பெற்று வெல்லவில்லை! ஆனாலும் மொத்தப் புள்ளியில் முதல்வர். ஸ்டார்ட்டில் பின்தங்குவார், அப்புறம் ஒவ்வொருவராக முந்துவார். கணக்குப் பார்ப்பவருக்கு அது பலவீனம். வளைவுக்கு வளைவு இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்த ரசிகருக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறில்லை.

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமானவரிடம் வருகிறேன். போலந்தின் தோமஷ் கோலோப். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும்.

போலந்தில் ஸ்பீட்வே என்பது வேறு உலகம். லெஷ்னோ, கோஷுஃப், தோருன், ஜெலோனா கூரா என்று நகரத்துக்கு நகரம் அணிகள், நிரம்பி வழியும் அரங்குகள். அப்படிப்பட்ட நாட்டுக்கு முதல் உலகப் பட்டம் கிடைத்தது 1973-இல். ஹோஷுஃப் அரங்கில் யெஜி ஷ்சாகியெல் வென்றார்; பட்டத்தைத் தீர்மானிக்க நடந்த கூடுதல் ஓட்டத்தில் நியூசிலாந்தின் ஐவன் மாகர் விழுந்துவிட்டார். அதன் பிறகு 37 ஆண்டுகள் போலந்துக்கு இன்னொரு உலக சாம்பியன் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ரசிகர் கூட்டம் குறையவே இல்லை. இந்த இடைவெளியின் நடுவில்தான் பிட்கோஷ்ச் நகரத்து கோலோப் வந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த பாதை வெளிப்புற வேலியை ஒட்டிய பாதை. தடத்தின் உள் ஓரத்தை ஒட்டிப் போனால் தூரம் குறைவு, எல்லோரும் அதற்கே அடித்துக்கொள்வார்கள். வெளியே போனால் தூரம் அதிகம்; ஆனால் அங்கே உழப்பட்ட மண் குவிந்திருக்கும், சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும், வேகத்தை விடாமல் வளைவை முடிக்கலாம். தவறினால் வேலி. வேலிக்கும் வண்டிக்கும் நடுவே கையகல இடம் இருக்கும்போது திராட்டிலைத் திறக்கத் துணிபவர் எத்தனை பேர்? கோலோப் திறந்தார். நான்காவது சுற்றின் கடைசி வளைவில் வெளியே இருந்து பாய்ந்து வந்து முந்துவது அவருக்குப் பழக்கமாகவே இருந்தது. 1999-இல் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; கடைசிக் கட்டத்தில் காயம்பட்டு, ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சனிடம் அதை இழந்தார். அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் காத்திருந்து, 2010-இல் 39 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த வெற்றியில் ஒரு நாடே அழுதது என்றால் மிகையில்லை. 2017-இல் மோட்டோகிராஸ் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு அவரால் நடக்க முடியாமல் போனது. வெற்றிக்குக் கூடிய அதே கூட்டம் அப்போதும் அவரை விட்டு விலகவில்லை.

சரி, பின்னால் இருந்து வருபவரை மட்டும்தான் ரசிகர்களுக்குப் பிடிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மாகர் இருக்கிறாரே என்பீர்கள். நியாயமான கேள்வி.

ஐவன் மாகர் ஆறு முறை உலக சாம்பியன்: 1968, 1969, 1970, 1972, 1977, 1979. ஸ்டார்ட்டில் அவரை மிஞ்சுவது கடினம். டேப் எழுந்ததும் போய்விடுவார், பிறகு பிடிக்கவே முடியாது. நான் சொன்ன ஊர்வலத்தை அதிகம் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவரும் வேறொரு விதத்தில் பின்னால் இருந்து வந்தவர்தான். 1957-இல் பதின்வயதில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போனார், எடுபடவில்லை, ஊர் திரும்பினார். 1963-இல் மறுபடி போய் நியூகாசில் அணியில் சேர்ந்த பிறகுதான் அவர் காலம் தொடங்கியது. வண்டியின் ஒவ்வொரு திருகையும் கவனிப்பார், ஒவ்வொரு தடத்தையும் படித்து வைத்திருப்பார். ரசிகர்கள் அவரிடம் மதித்தது அந்த உழைப்பை. தொடர்ந்து மூன்றாவது பட்டம் வென்றால் அந்த வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று இரண்டு அமெரிக்க ரசிகர்கள் வாக்குக் கொடுத்தார்கள். 1970-இல் போலந்தின் விரோட்ஸ்வாஃபில் அவர் வென்றதும் அப்படியே செய்தும் காட்டினார்கள். தங்கம் பூசிய அந்த வண்டி பிற்பாடு அவருடைய ஊரிலுள்ள கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குப் போனது. தன் வீரனுக்கு ரசிகன் கொடுத்த பரிசுகளில் இதற்கு ஈடாக எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மாகர் காலத்து உலகப் பட்டத்தின் கொடுமை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1936-இல் வெம்பிளியில் தொடங்கி 1994 வரை, 1987 தவிர, ஒரே நாளில் முடிந்துவிடும் போட்டி அது. 16 பேர், ஆளுக்கு ஐந்து ஓட்டம், அவ்வளவுதான். ஒரு செயின் அறுந்தால் ஒரு வருட உழைப்பு போச்சு. அந்த நிலையில் ஸ்வீடனின் ஓவே ஃபுண்டின் 1956 முதல் 1965 வரை பத்து ஆண்டுகளும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். மொத்தம் ஐந்து பட்டங்கள். தோற்பதை அவரால் சகித்துக்கொள்ளவே முடியாது, அதை மறைக்கவும் மாட்டார். எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். அதே ரசிகர்கள் அவர் வருகிற நாளில் டிக்கெட் வாங்க முண்டியடித்தார்கள். நியூசிலாந்தின் பேரி பிரிக்ஸ் 1954 முதல் 1970 வரை ஓர் ஆண்டும் தவறாமல் இறுதிப் போட்டிக்கு வந்தவர், நான்கு முறை வென்றவர். 1972 இறுதிப் போட்டியில் மோதலில் ஒரு விரலையே இழந்தார்.

அமெரிக்காவின் கிரெக் ஹான்காக்குக்குக் கிடைத்த அன்பு இன்னொரு வகை. 1997-இல் முதல் பட்டம். அடுத்தது 2011-இல்! நடுவில் 14 ஆண்டுகள் சிரித்த முகத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தார். 2014-இல் ஒன்று, 2016-இல் 46 வயதில் ஒன்று. இந்தப் பட்டத்தை வென்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். 2020-இல் புற்றுநோயோடு போராடிய மனைவிக்குத் துணையாக இருப்பதற்காக விலகினார். அவருக்கு எதிராக ஓட்டிய அணிகளின் ரசிகர்களும் அன்று அவரை வாழ்த்தினார்கள்.

இந்த அன்பு எல்லை தாண்டியும் போகும். ஸ்வீடனின் பேர் யோன்சன் 1990-இல் உலக சாம்பியன். போலந்தின் தோருன் அணிக்காக ஓட்டியவர். 1994-இல் போலந்துத் தடத்தில் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். இன்று தோருன் நகரின் பெரிய ஸ்பீட்வே அரங்கம் இருக்கும் தெருவுக்கு அவர் பெயர்தான். அயல்நாட்டுக்காரர், சில வருடங்கள் மட்டுமே அங்கே ஓட்டியவர். அவருக்காக ஒரு நகரம் தன் முகவரியையே மாற்றிக்கொண்டது. யாரை நேசிக்கிறோம் என்பதை இந்த ரசிகர்கள் நாடு பார்த்து முடிவு செய்வதில்லை.

இன்றைய காலத்துக்கு வருவோம். போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019, 2020, பிறகு 2022 முதல் 2025 வரை தொடர்ந்து நான்கு என ஆறு பட்டங்கள் வென்றிருக்கிறார். மாகர், ரிக்கார்ட்சன் இருவருக்கும் இப்போது சமம். தொடர்ந்து நான்கு என்பது அதற்கு முன் யாருக்கும் வாய்க்காதது. இவ்வளவு வென்றவர்மேல் சலிப்பு வரவேண்டும் அல்லவா? வரவில்லை. 2023-இல் டென்மார்க்கின் வோயென்ஸில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியில் விதிக்குட்படாத உடை அணிந்ததற்காக அவரை நீக்கிவிட்டார்கள். பட்டம் கைநழுவும் நிலை. அடுத்த போட்டி தோருனில். அங்கே போய்ப் பட்டத்தை வென்று காட்டினார். 2025-இல் ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ் போட்டிக்குப் போட்டி வென்று துரத்தி வந்தார். கடைசிப் போட்டியையும் கர்ட்ஸ்தான் வென்றார், பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஸ்மார்ஸ்லிக்குக்குப் போனது. அன்று இரவு கர்ட்ஸுக்குக் கிடைத்த புது ரசிகர்கள் எத்தனை பேரோ. கடைசி வரை துரத்தியவரை இந்தக் கூட்டம் லேசில் விடாது.

என் பட்டியலில் முதலிடம் கோலோபுக்கு. பட்டக் கணக்கில் அவர் ஒன்று, மாகர் ஆறு, தெரிந்துதான் சொல்கிறேன். நான்கு வண்டிகள் வளைவுக்குள் நுழையும்போது என் கண் தானாக வெளிப்புற வேலியை நோக்கிப் போவதற்குக் காரணம் அவர். உங்கள் தேர்வு மாகராக இருக்கலாம், கிரேவனாக இருக்கலாம், நான் பெயரே சொல்லாத ஒருவராகவும் இருக்கலாம். என்னோடு மாறுபடுகிறவர்கள் எழுந்து பேசுங்கள். நேரம் இருக்கிறது, கேட்க ஆவலாக இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.