கல் இல்லாத மகுடமும் கல் இழைத்த டியாராவும்

அவையோருக்கு வணக்கம்.

பிரபுக்களின் நகை என்றதும் வைரமும் முத்தும்தான் நம் கண்முன் வரும். ஆனால் பிரிட்டனில் ஒரு பிரபுவின் பதவியை ஊருக்கு அறிவிக்கும் அணியில் பொட்டுக் கல் கிடையாது. முடிசூட்டு விழாவுக்கென்று உள்ள சிறுமகுடம் தங்கமுலாம் பூசிய வெள்ளிதான். அதில் ரத்தினம் பதிக்கவே கூடாது என்பது விதி. எவ்வளவு பணம் இருந்தாலும் அங்கே செல்லாது.

அதை எப்படிப் படிப்பது? பிரபுக்களின் பதவி ஐந்து படி, மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். டியூக்கின் மகுடத்தில் சுற்றிலும் 8 ஸ்ட்ராபெர்ரி இலைகள். மார்க்விஸுக்கு 4 இலைகள், இடையிடையே 4 வெள்ளிக் குண்டுகள். ஏர்லுக்கு இலையும் எட்டு, குண்டும் எட்டு. குண்டுகள் மட்டும் உயரமான கம்பிகளின் உச்சியில் நிற்கும், ஆகவே தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். வைகவுன்ட்டுக்கு இலையே இல்லை, விளிம்போடு ஒட்டிய 16 குண்டுகள். பாரனுக்கு ஆறு, அதுவும் 1661இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அனுமதித்த பிறகுதான்.

குண்டை எண்ணிப் பதவியைக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். 16 குண்டுக்காரர் 4 குண்டுக்காரருக்கு இரண்டு படி கீழே! படத்தை நம்பினாலும் சிக்கல்தான்: பாரனின் மகுடத்தை வரையும்போது நான்கு குண்டுகள்தான் தெரியும், மற்ற இரண்டும் பின்னால் மறைந்திருக்கும்.

அணியும் உரிமையைச் சட்டத்தால் வேலி கட்டப் பார்த்ததும் உண்டு. 1363இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு காலச் சட்டம், கைவினைஞர்கள் பொன், வெள்ளி மோதிரமோ ரத்தினமோ அணியக் கூடாது என்றது. ஓரிரு ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள். கையில் காசு புழங்குபவனை எத்தனை நாள் தடுக்க முடியும்?

பணம் தன் வேலையைக் காட்டியது, பெண்கள் தலையில் சூடும் கல் இழைத்த அணியான டியாராவில். பழைய டியாராக்களில் வைரத்தை வெள்ளியில்தான் கட்டினார்கள். தங்கத்தில் கட்டினால் கல்லில் மஞ்சள் சாயல் அடிக்கும். வெள்ளி கறுத்துத் துணியில் கறை படியுமே, அதற்காகப் பின்பக்கம் தங்கத் தகடு. வெள்ளி மென்மையானது என்பதால் கனமாகத்தான் வார்க்க வேண்டும். பிளாட்டினம் வந்த பிறகே மெல்லிய வேலைப்பாடு கைகூடியது. பூவிதழ்களைச் சின்ன ஸ்பிரிங்கில் நிறுத்துவார்கள். தலை அசைந்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல் துடிக்கும். அரங்கில் எல்லாக் கண்ணும் அங்கே திரும்பும், வேண்டியதும் அதுதானே! திருகாணியைக் கழற்றினால் அதே பூ, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச் ஆகிவிடும்.

பழைய நகை கையில் கிடைத்தால் உடனே தண்ணீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு வேலையில் பெரும்பாலும் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே பளபளப்புத் தகடு வைத்திருப்பார்கள். ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும், கல்லின் ஒளி செத்துப்போகும்.

கடன் ஏறிய குடும்பங்கள் சில, வைரத்தை விற்றுவிட்டு அதே குழியில் ஈயக் கண்ணாடியைப் பதித்துக்கொண்டன. விருந்து மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உருப்பெருக்கியில் தெரியும்: கண்ணாடி மென்மை, பட்டைகளின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும், வைரத்தின் ஓரமோ கத்திபோல நிற்கும்.