கிளவ்ஸ் ஷூல்ட்ஸேவை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

[திரையில்: ஆல்பம் அட்டைகள் வரிசையாக நகர்கின்றன. எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வரிசை வந்துவிடுகிறது.]

வணக்கம். ஜெர்மனியின் மின்னணு இசைக் கலைஞர் கிளவ்ஸ் ஷூல்ட்ஸேவின் பெயரை ஏதாவதொரு இசைச் செயலியில் தேடிப் பாருங்கள். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் வந்துகொண்டே இருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள். 2000-இல் வந்த ஒரே ஒரு பெட்டியில் மட்டும் 50 சிடிக்கள். பல உருப்படிகள் அரை மணி நேரம் ஓடும், சில ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பாடகர் அநேகமாக இருக்க மாட்டார். பல்லவி, சரணம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஆர்வத்தோடு வந்தவர்கள் பலர் இந்த வாசலிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வீடியோ.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1977-இல் வந்த மிராஜ் ஆல்பத்தை எடுங்கள். அதில் கிரிஸ்டல் லேக் என்ற இரண்டாவது உருப்படியைப் போடுங்கள். ஹெட்ஃபோன் வேண்டும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் அடியில் ஓடும் கனத்த ஒலி காணாமலே போய்விடும், மிச்சம் இருப்பது வெறும் டிங் டிங் சத்தம்தான்.

[ஒலி: கிரிஸ்டல் லேக், தொடக்கத்திலிருந்து சில வினாடிகள்]

கண்ணாடிக் குவளைகளை மெல்லத் தட்டுவதுபோல் ஒரு சிறு சுற்று. அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு நிமிடம் கழித்தும் அதே சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு சுரம் இடம் மாறியிருக்கும், பின்னால் இன்னொரு சுற்று வந்து சேர்ந்திருக்கும். எப்போது சேர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. ஷூல்ட்ஸேவின் மொத்த வித்தையும் இதில் இருக்கிறது. மாற்றம் நடக்கும் நொடியை மறைத்துவிடுவார். நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

இதை எப்படிச் செய்தார்? அதற்கு அவர் யார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

[திரையில்: பெர்லின், 1970. ஒரு டிரம்ஸ் செட்.]

1947-இல் பெர்லினில் பிறந்தவர். கீபோர்டில் பேர் வாங்கியவர் என்றாலும் அடிப்படையில் அவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது இவர்தான். அந்த ஒரு ஆல்பத்தோடு வெளியே வந்தார். அப்புறம் கிதார் கலைஞர் மானுவேல் கோட்ஷிங்கோடு சேர்ந்து ஆஷ் ரா டெம்பெல் குழுவில் 1971-இல் ஒரு ஆல்பம். அங்கிருந்தும் வெளியே வந்து தனியாளாக நின்றார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அவருடைய இசை வேறு மாதிரி புரியும். முதலில் அவர் கட்டுவது ஒரு ஓட்டத்தை. மெட்டெல்லாம் அதன்மேல் பிறகு வந்து உட்கார்வதுதான்.

அந்த ஓட்டத்தைத் தந்த கருவிக்கு சீக்வென்சர் என்று பெயர். அந்தக் காலத்து சீக்வென்சரில் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு சுரத்துக்கான மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும். உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு. அது முதல் குமிழிலிருந்து கடைசிக் குமிழ் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், மறுபடி முதலுக்கு வரும். சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசிப்பவர் ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்பலாம், அந்த ஒரு சுரம் மட்டும் ஏறும் அல்லது இறங்கும். ஒலியை வடிகட்டும் ஃபில்டரை மெல்லத் திறந்தால் மங்கலாகக் கேட்ட ஒலி பளிச்சென்று முன்னால் வரும். இரண்டு கையும் இதில் இருக்கும்போது பாடலை இங்கே நிறுத்து, அங்கே திரும்பு என்று திட்டமிட முடியாது. ஓடவிட்டு, காது கொடுத்து, கை வைக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளம்.

ராக ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இசை அவ்வளவு அந்நியமாக இருக்காது என்பது என் நம்பிக்கை. ஒரே சுரத்தில் நின்று அடுத்த சுரத்துக்கு நம்மை ஏங்க வைப்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

சரி, கிரிஸ்டல் லேக் பிடித்துவிட்டது என்றால் அடுத்தது டைம்விண்ட், 1975. இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்று என இரண்டே உருப்படிகள்: பைரோய்ட் ரிட்டர்ன், வான்ஃப்ரீட் 1883. பைரோய்ட் என்பது இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் தன் இசை நாடகங்களுக்காகவே அரங்கம் கட்டிய ஊர். வான்ஃப்ரீட் அங்கே அவருடைய வீடு. 1883 அவர் இறந்த ஆண்டு. ஷூல்ட்ஸேவுக்கு வாக்னர்மேல் அவ்வளவு பிரியம், பிற்பாடு ரிச்சர்ட் வான்ஃப்ரீட் என்று புனைபெயர் வைத்துக்கொண்டும் ஆல்பங்கள் போட்டார். அவர் சீக்வென்சரை முழுமையாகப் பயன்படுத்திய முதல் ஆல்பம் டைம்விண்ட்தான். பைரோய்ட் ரிட்டர்ன் இரண்டு டிராக் டேப்பில் நேரடியாகப் பதிவானது. பிறகு உட்கார்ந்து சரிசெய்ய இடமில்லை. பின்னால் காற்று வீசுவதுபோல் ஒரு இரைச்சல், அதன் நடுவே இடைவிடாமல் ஓடும் சுற்று. அரை மணி நேரமும் அது விடுவதில்லை. பிரான்சின் ஷார்ல் க்ரோ அகாடமி இந்த ஆல்பத்துக்குப் பெரிய விருது கொடுத்தது.

[திரையில்: எல்பி இசைத்தட்டின் வரிப்பள்ளங்கள், மிக அருகில்]

ஒரு சின்ன விஷயம். எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் அரை மணி நேரத்தை அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியளவு குறையும், பரபரவென்ற சத்தம் தூக்கலாகக் கேட்கும். அது தெரிந்தும் அவர் பக்கத்தை நிரப்பினார். சிடி வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது, உருப்படிகள் இன்னும் நீண்டன. பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டில் கூடுதல் உருப்படிகளையும் சேர்த்துவிட்டார்கள். செயலியில் கேட்பவர்கள் இங்கே கவனமாக இருங்கள். மிராஜில் முதல் இரண்டு, டைம்விண்டில் முதல் இரண்டு. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆல்பம் எந்த இடத்தில் முடிகிறது என்பதும் அந்த இசையில் சேர்ந்ததுதான்.

மூன்றாவதாக மூன்டான், 1976. போப்போல் வூ குழுவின் ஃப்ளோரியான் ஃப்ரிக்கேயிடமிருந்து வாங்கிய பெரிய மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி, இதில்தான் முதலில் வருகிறது. கூடவே ஹரால்ட் க்ரோஸ்கோப் டிரம்ஸ் வாசிக்கிறார். ஃப்ளோட்டிங் என்ற முதல் பக்கத்தில், இயந்திரச் சுற்றும் மனிதக் கையும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேளுங்கள். தாளம் இல்லாத இசை பிடிக்காது என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

1978-இல் எக்ஸ். அவருடைய பத்தாவது ஆல்பம், இரட்டைத் தட்டு. ஆறு மனிதர்கள்மேல் ஆறு உருப்படிகள்: தத்துவவாதி நீட்சே, கவிஞர் கியோர்க் ட்ராக்ல், எழுத்தாளர் ஃப்ராங்க் ஹெர்பர்ட், இசையமைப்பாளர் ஃப்ரீடமான் பாக், பவேரியாவின் அரசர் இரண்டாம் லுட்விக், எழுத்தாளர் க்ளைஸ்ட். வுல்ஃப்காங் டீபோல்டின் செல்லோவும் தந்தி வாத்தியக் குழுவும் சேர்ந்துகொள்கின்றன. என்னைக் கேட்டால் அவர் எட்டிய உச்சம் இது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது இல்லை. சீக்வென்சர் காதுக்குப் பழகிய பிறகு வந்தால்தான், அதோடு செல்லோ உரசும்போது கிடைக்கும் சூடு தெரியும். அரை மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஃப்ராங்க் ஹெர்பர்ட் என்ற உருப்படி பத்துப் பதினோரு நிமிடம்தான், வேகமும் அதிகம்.

இப்போது பின்னால் போகலாம். முதல் தனி ஆல்பம், 1972, இர்லிஷ்ட். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றும் வெளிச்சம் என்று பொருள். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்களே, அதேதான். இதில் சிந்தசைசரே கிடையாது. ஒரு ஆர்கன், பழுதான ஆம்ப்ளிஃபையர், ஒரு ஆர்கெஸ்ட்ராவின் ஒலிப்பதிவைத் தலைகீழாக ஓட்டிச் சிதைத்த டேப். சீக்வென்சரின் ஓட்டமும் இல்லை. நான் காலவரிசைப்படி கேட்கலாம் என்று இதில்தான் ஆரம்பித்தேன், பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து, மிராஜும் டைம்விண்டும் பழகிய பிறகு திரும்பி வந்தபோது அதே ஆல்பம் என்னை நகரவிடவில்லை. காலவரிசை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த அனுபவம்தான் காரணம்.

[திரையில்: 1980 என்ற எண். பின்னால் கணினித் திரையின் பச்சை எழுத்துகள்.]

1980-இல் டிக் இட். முழுக்க டிஜிட்டல். முதல் உருப்படியின் தலைப்பே 'ஓர் அனலாகின் மரணம்' என்ற பொருளில் வரும். அனலாக் என்பது குமிழும் மின்னழுத்தமுமாக இயங்கிய அந்தப் பழைய கருவி வகை. துணிச்சலான முடிவு. அதற்கு அடுத்த பதினைந்து வருடங்களில் நிறைய ஆல்பங்கள் இருக்கின்றன. ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் வந்த பிறகு மனிதக் குரல், பறவை என்று துண்டு துண்டான ஒலிகள் உள்ளே வந்து குவிகின்றன. அந்தக் குவியலில் எனக்குப் பிடித்த அந்த மறைந்திருக்கும் மாற்றம் கேட்பதில்லை. முதல் சுற்றில் இந்தக் காலத்தைத் தாண்டிப் போகலாம்.

பிற்காலத்தில் இரண்டு கூட்டுகளைத் தேடிக் கேளுங்கள். ஒன்று, இன்னொரு மின்னணு இசைக் கலைஞரான பீட் நாம்லுக்கோடு 1994 முதல் செய்த தி டார்க் சைட் ஆஃப் தி மூக், மொத்தம் 11 பாகங்கள். மற்றது, டெட் கேன் டான்ஸ் குழுவின் பாடகி லிசா ஜெரார்டோடு 2008-இல் வந்த ஃபார்ஸ்கேப். எந்த மொழியும் இல்லாத அந்தக் குரல் ஷூல்ட்ஸேவின் ஒலிகளுக்குமேல் மிதக்கும்போது, இத்தனை வருடம் இவர் பாடகர் இல்லாமல் எப்படி இருந்தார் என்று தோன்றும். தனி ஆல்பம் வேண்டுமென்றால் 2007-இன் கான்டினூம். சீக்வென்சர் திரும்பி வந்துவிடுகிறது.

லா வி எலெக்ட்ரோனிக் என்று 16 பாகங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் மூன்று சிடி. பழைய வெளிவராத பதிவுகளைக் காலவரிசையில் அடுக்கியது. பொக்கிஷம்தான். ஆனால் இது வீட்டுக்குள் வந்து பழகியவர்களுக்கான பரண். முதல் நாளே ஏற வேண்டாம்.

[திரையில்: மணல். வேறு எதுவும் இல்லை.]

கடைசியாக ஒரு மாலை நேரத்துக்கு ஒரு வரிசை சொல்கிறேன். ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதிய டியூன் நாவல் ஷூல்ட்ஸேவை விடவே இல்லை. 1978-இல் எக்ஸில் ஹெர்பர்ட் பெயரில் ஒரு உருப்படி. அடுத்த வருடம் டியூன் என்றே ஒரு ஆல்பம், அதன் முதல் பக்கம் முழுக்க டீபோல்டின் செல்லோ. 2022 ஏப்ரல் 26 அன்று ஷூல்ட்ஸே இறந்தார். அந்த ஜூலையில் வெளியான ஆல்பம் டேயுஸ் அராக்கிஸ். அராக்கிஸ் என்பது அந்த நாவலின் பாலைவனக் கிரகம். இந்த மூன்றையும் இதே வரிசையில் போடுங்கள். மூன்றாவதில், நாற்பத்துமூன்று வருடம் கழித்து, டீபோல்டின் செல்லோ மறுபடி வரும். எந்த நொடியில் உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.

[ஒலி: செல்லோ, மெல்ல எழுந்து, திரை இருளும் வரை]