பெட்டிச் சாவி யாரிடம்?

வணக்கம். திருவட்டாரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழை. காயப்போட்ட ரப்பர் ஷீட்டையெல்லாம் திண்ணைக்கு மாற்றிவிட்டேன். அந்த வாடை காணொளியில் வராது, உங்கள் அதிர்ஷ்டம்.

இந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைப் பாருங்கள். மூடியில் வெள்ளைப் பெயின்டில் என் படை எண், பாதி உரிந்துவிட்டது. பட்டாளத்தில் 24 ஆண்டுகள் என்னோடு அலைந்த பெட்டி. ஊருக்கு வந்த பிறகும் சாவி என் இடுப்பில்தான் கிடந்தது. ஒருநாள் மனைவி கேட்டாள்: “நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் நான் பூட்டை உடைக்க வேண்டுமா?”

கோபம் வந்தது. ஆனாலும் திறந்தேன். பென்ஷன் ஆணையில் அவள் பெயர் ஸ்டெல்லா மேரி. ஆதாரில் மேரி ஸ்டெல்லா. கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை! பணியில் இருந்தபோதே கவனித்திருந்தால் பார்ட் 2 ஆர்டர், அதாவது வீட்டு விவரங்களைப் பதியும் பட்டாள ஆணை, போட்டுத் திருத்தியிருக்கலாம். கல்யாணமோ குழந்தையோ, அதில் ஏறினால்தான் பட்டாளத்தின் கணக்கில் உண்டு. நான் சோம்பல்பட்டேன். பிறகு நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, ஏழு மாதம் அலைந்தேன். என் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அவள் அலைந்திருக்க வேண்டிய அலைச்சல் அது.

இன்னொரு வெட்கக்கேடு. ஆண்டுதோறும் ஆயுள் சான்று கொடுக்கும் ஸ்பர்ஷ் என்ற பட்டாளப் பென்ஷன் இணையதளத்தின் கடவுச்சொல் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது.

பென்ஷனில் பாதியைக் கம்யூட் செய்து, அதாவது மாதப் பென்ஷனைக் குறைத்துக்கொண்டு முன்கூட்டியே, மொத்தமாக வாங்கியதும் அவளைக் கேட்காமல்தான். 15 ஆண்டுகள் கழித்துத்தான் முழுப் பென்ஷன் திரும்பும். அந்தப் பணம் மேலே மாடியாக நிற்கிறது; குடியிருக்கத்தான் ஆளில்லை.

அக்கா மகன் அக்னிவீரன், நான்கு ஆண்டுக்கு மட்டும் பட்டாளத்தில் சேர்ந்தவன். விடுமுறையில் வந்திருக்கிறான். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம். அரசும் அதே அளவு போடுகிறது. நான்கு ஆண்டு முடிந்தால் ஏறக்குறைய 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது, நிரந்தரப் பணி அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேருக்குத்தான். இவனோ இப்போதே போனில் ஒரு காரின் படத்தை வைத்திருக்கிறான்.

காரைப் பற்றி நான் பேசவில்லை. “பணியில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு. அதற்கான உன் தாளில் அம்மா பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டேன். விழித்தான். இப்போது உள்ளே அக்காவின் ஆதாரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.