விழுந்த தேதியைக் குறித்து வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பலில் விபத்து என்றதும் கப்பல் பாறையில் மோதுவதும், அலறிக்கொண்டு உயிர்காக்கும் படகில் ஏறுவதும்தான் மனக்கண்ணில் வருகிறது. உண்மையில் கப்பல் பயணிகள் நஷ்டஈடு கேட்டு வரும் சம்பவங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. நீச்சல்குளத்தை ஒட்டிய தளம் ஈரமாக இருந்திருக்கும், கால் வழுக்கியிருக்கும். கப்பல் ஆடியபோது கனமான கதவு விரலை நசுக்கியிருக்கும். சின்னப் படகிலிருந்து கரையில் கால் வைக்கும்போது முட்டி பெயர்ந்திருக்கும். இப்படி அடிபட்டவர் வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது? இன்றைக்குப் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கடல் பயணிகளின் வழக்குகளை நீண்ட காலமாக நடத்திவரும் வக்கீல் நான். நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகள்கூட என்னை அவ்வளவு உறுத்துவதில்லை. காயம் உண்மை, கப்பல்காரர்களின் கவனக்குறைவு உண்மை, சாட்சியும் உண்டு, ஆனால் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்று வருகிறார்களே, அவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் யார் கூப்பிட்டாலும் இதைப் பேச வந்துவிடுகிறேன்.

முதலில் அமெரிக்கச் சட்டம். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகம் அந்த நாட்டில்தான், அதிலும் மயாமி நகரத்தில் இருக்கிறது. அங்கே கடலில் ஏற்படும் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மூன்று ஆண்டு என்று கேட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். கப்பல் நிறுவனம் தன் டிக்கெட்டில் ஒரு வரி சேர்த்து அதை ஓராண்டாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதே நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டுகளில் அந்த வரி இருக்கிறது. வழக்குப் போட ஓராண்டு. அதற்கு முன்பே, காயம் பற்றிய முழு விவரத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க ஆறு மாதம். சில டிக்கெட்டுகளில் 185 நாள் என்று எண்ணியே போட்டிருப்பார்கள்.

எந்தத் தேதியிலிருந்து அந்த ஓராண்டு? விழுந்த தேதியிலிருந்து. கரையிறங்கிய தேதியிலிருந்து அல்ல, ஆபரேஷன் முடிந்த தேதியிலிருந்தும் அல்ல. ஒருவர் மார்ச் 10ஆம் தேதி கப்பலில் விழுகிறார், கப்பல் 15ஆம் தேதி துறைமுகம் திரும்புகிறது, எலும்பு சரியாகச் சேரவில்லை என்று மே மாதம் ஆபரேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கணக்கு மார்ச் 10இல் தொடங்குகிறது. மறுபடியும் சொல்கிறேன்: விழுந்த தேதி.

இந்த ஓராண்டு எப்படி வந்தது என்பது என் மனதுக்கு நெருக்கமான கதை. 1934 செப்டம்பர் 8, அதிகாலை. ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த மோரோ காசில் என்ற பயணிகள் கப்பல் நியூ ஜெர்சி கரைக்கு அருகே தீப்பிடித்து எரிந்தது. 137 பேர் இறந்தார்கள். அந்தக் கொதிப்பில், அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் கப்பல் உரிமையாளர்களின் பொறுப்பு பற்றிய சட்டத்தைத் திருத்தியது. அப்போது வந்ததுதான் இந்த விதி: உயிரிழப்பு, காயம் பற்றிய கோரிக்கைக்கு ஆறு மாதத்துக்குக் குறைவான நோட்டீஸ் கெடுவையோ, ஓராண்டுக்குக் குறைவான வழக்குக் கெடுவையோ டிக்கெட்டில் போடக் கூடாது. கவனியுங்கள், அது பயணியைக் காப்பாற்றப் போட்ட விதி. இதற்குக் கீழே போகாதே என்று கப்பல்காரர்களுக்குச் சொன்னது. குறைந்தபட்சம் என்று சொன்னதை அவர்கள் அதிகபட்சமாக ஆக்கிக்கொண்டார்கள். மூன்று ஆண்டு பொதுச் சட்டம் இருந்தும், ஓராண்டுக்கு மேல் ஒரு நாள்கூடத் தருவதில்லை. பயணிக்கென்று எழுதிய பாதுகாப்பு பயணிக்கு எதிராகவே நிற்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

சரி, டிக்கெட்டில் போட்டதெல்லாம் செல்லுமா, யார் அதைப் படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இதற்குப் பதிலாக ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, உள்ளூர் ஏஜென்ட் மூலமாகக் கார்னிவல் நிறுவனத்தின் கப்பல் ஒன்றில் இடம் பிடித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி மெக்சிகோ கரைக்குப் போகும் பயணம். கப்பலின் சமையலறையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று அழைத்துப்போனபோது, அந்த அம்மா தரையில் கிடந்த விரிப்பில் வழுக்கி விழுந்து அடிபட்டார். ஊர் திரும்பியதும் தங்கள் மாநிலத்திலேயே வழக்குப் போட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்? ஆனால் எந்த வழக்கானாலும் புளோரிடா மாநிலத்தில் உள்ள நீதிமன்றங்களில்தான் போட வேண்டும் என்று டிக்கெட்டில் இருந்தது. புளோரிடா, நாட்டின் எதிர் மூலை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கப்பல் நிறுவனத்தின் பக்கம். பல ஊர்க்காரர்கள் ஏறும் கப்பல், ஊருக்கு ஊர் வழக்கை எதிர்கொள்ள முடியாது, ஒரே இடம் என்று தெளிவாக இருந்தால் செலவு குறையும், அது டிக்கெட் விலையிலும் தெரியும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிளாக்மன் சொன்ன நியாயம். மறுப்புத் தீர்ப்பை எழுதியவர் ஸ்டீவன்ஸ். அவர் செய்த ஒரு காரியத்தை நான் இளம் வக்கீல்களிடம் எப்போதும் சொல்வேன். அந்த டிக்கெட்டின் வாசகத்தை, அதில் அச்சாகியிருந்த அதே எழுத்தளவில், அப்படியே தன் தீர்ப்போடு இணைத்தார். நீங்களே படித்துப் பாருங்கள், எவ்வளவு பொடி எழுத்து என்று. அப்புறம் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: பணம் முழுவதும் கட்டிய பிறகுதான் டிக்கெட் கைக்கு வருகிறது, நிபந்தனை பிடிக்கவில்லை என்று ரத்து செய்தாலும் பணம் திரும்பாது என்று அதே டிக்கெட்டில் எழுதியிருக்கிறது. அந்த மறுப்புத் தீர்ப்பு இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனாலும் அது மறுப்புத் தீர்ப்புதான். அங்கே நடைமுறையில் இருப்பது பெரும்பான்மை சொன்னது.

எல்லா நாடுகளும் இப்படியே நடப்பதில்லை. கொரோனா பரவிய ரூபி பிரின்சஸ் கப்பல் பயணிகளின் வழக்கில், பலர் சேர்ந்து கூட்டாக வழக்குப் போடக் கூடாது என்ற டிக்கெட் நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்று 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காலக்கெடுவைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் ஊரைப் பற்றிப் பேசுகிறேன்? இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. தவறான ஊரில் வழக்குப் போட்டால், அது தவறான ஊர் என்று நீதிமன்றம் சொல்வதற்குள் பல மாதம் ஓடிவிடும். சரியான ஊருக்குப் போகும்போது ஓராண்டு கடந்திருக்கும். ஒரே நகரத்துக்குள்ளேகூட இது நடந்திருக்கிறது. பயணத்தின்போது இறந்துபோன ஒருவரின் குடும்பம் மயாமியில் கெடுவுக்குள்ளேயே வழக்குப் போட்டது. ஆனால் போட்டது மாநில நீதிமன்றத்தில். டிக்கெட்டோ அதே மயாமியில் உள்ள மத்திய அரசின் நீதிமன்றம் என்று சொல்லியிருந்தது. வழக்கு தள்ளுபடி. சரியான நீதிமன்றத்துக்கு வந்தபோது ஓராண்டு முடிந்திருந்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரக்கத்தோடு பார்த்து அந்த வழக்கை அனுமதித்தது. அதை நம்பி நீங்கள் இருக்காதீர்கள். எல்லோருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை.

அடுத்தது, நான் அடிக்கடி பார்க்கும் விஷயம். விபத்து நடந்ததும் நிறுவனத்தின் கோரிக்கைப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வரும். மிகவும் மரியாதையாக இருக்கும். உடம்பு தேறிவருகிறதா என்று விசாரித்துத் தொடங்கும். முதலில் ஸ்கேன் அறிக்கை கேட்பார்கள். அனுப்புவீர்கள். பிறகு பிசியோதெரபி பில். அப்புறம் சம்பளம் இழந்ததற்குச் சான்று. அப்புறம், பழைய காயம் ஏதாவது உண்டா என்று ஐந்து வருட மருத்துவக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். நடுவில் ஒரு சின்னத் தொகையும் பேசுவார்கள். பேச்சுதான் நடக்கிறதே, எதற்கு வழக்கு என்று இருந்துவிடுவீர்கள். பேச்சுவார்த்தை நடப்பதால் கெடு நிற்பதில்லை. ஒரு நாள்கூட நிற்பதில்லை. கெடுவை நீட்டித் தருகிறோம் என்று நிறுவனம் எழுத்தில், தேதியோடு கொடுத்தால்தான் அது நீட்டிப்பு. தொலைபேசியில் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆறு மாத நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் சட்டம் கொஞ்சம் இளகியது. காயம் பட்டது நிறுவனத்துக்குத் தெரியும், தாமதத்தால் அவர்களுக்குப் பாதகம் இல்லை என்றால், நோட்டீஸ் தரவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ள முடியாது. ஓராண்டு வழக்குக் கெடுவுக்கு இந்த இளக்கம் கிடையாது.

இனி ஐரோப்பா. அங்கே கடல் பயணிகளின் நஷ்டஈடு பற்றி நாடுகள் செய்துகொண்ட ஏதென்ஸ் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1974இல் உருவானது, 2002இல் திருத்தப்பட்டது, அந்தத் திருத்தம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பின்பற்றுகின்றன, அமெரிக்கா அதில் சேரவில்லை. அதன்படி கெடு இரண்டு ஆண்டு, அதுவும் கரையிறங்கிய தேதியிலிருந்து. நம் மார்ச் 15 இங்கேதான் கணக்குக்கு வருகிறது. பயணத்தின்போது இறந்தவருக்கு, அவர் கரையிறங்கியிருக்க வேண்டிய தேதியிலிருந்து. இன்னொரு நல்ல விஷயம், எந்த ஊரில் வழக்கு என்பதை நிறுவனம் டிக்கெட்டில் தன் இஷ்டத்துக்குக் குறுக்க முடியாது. நிறுவனத்துக்கு உங்கள் நாட்டில் வியாபாரம் இருந்து, அந்த நாடும் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், உங்கள் நாட்டிலேயே வழக்குப் போடலாம். ஒரே நிறுவனத்தின் கப்பலாக இருந்தாலும், அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பயணத்துக்கு ஒரு விதி, தொடாத பயணத்துக்கு வேறு விதி என்று டிக்கெட்டில் இருக்கும். போன வருடம் போன பயணத்தை வைத்து இந்த வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. குழந்தைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதியில், அடிபட்டது சிறு பிள்ளை என்றால், சட்டப்படியான பாதுகாவலர் நியமிக்கப்படும் வரை டிக்கெட்டின் கெடு ஓடாது. அதற்கும் மூன்று ஆண்டு என்ற எல்லை உண்டு. பிரிட்டனில், ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிக்கப் படகில் போய் இறந்த ஒருவரின் மனைவி, தன் சிறு மகன் சார்பில் இரண்டு ஆண்டு கடந்த பிறகு போட்ட வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரியவர்களுக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டி படுக்கை சேதமானால் கெடு இதைவிடக் குறுகியது. ஏதென்ஸ் விதியில், அறையில் வைத்திருந்த பெட்டியின் சேதம் கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். தெரியாத சேதம், காணாமல் போனது என்றால் 15 நாள்.

கடைசியாக, விழுந்த அன்றைக்கே செய்ய வேண்டியவை. கப்பல் மருத்துவரிடம் காட்டி, அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள், அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையை யாராவது துடைப்பதற்குள் ஒரு படம். பக்கத்தில் நின்றவர்களின் பெயர், தொலைபேசி எண். அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவாமல், மறுபடி போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள், செருப்பு வழுக்கியது என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்த இடத்தின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். டிக்கெட் ஒப்பந்தத்தை முழுவதுமாக இறக்கி, வழக்கு எந்த ஊரில், எத்தனை நாளுக்குள் என்ற இரண்டு வரிகளையும் வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். வணக்கம்.