இரைச்சலும் எலக்ட்ரானும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பொத்தான் அலைபேசியை வானொலிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த ஒலி நினைவிருக்கும். மணி அடிப்பதற்கு ஓரிரு நொடிகளுக்கு முன்பே, பாட்டை அறுத்துக்கொண்டு, பெட்டி 'டிர்-டிட்-டிட்' என்று கரகரக்கத் தொடங்கிவிடும். அழைப்பு வரப்போவது பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று பலர் என்னிடம் வியந்து கேட்டிருக்கிறார்கள். பெட்டிக்கு எதுவும் தெரியாது. அலைபேசி தன் கோபுரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் நாம் ஒட்டுக்கேட்டோம்.

அந்தத் தலைமுறை அலைபேசிகளில் எட்டுப் பேர் ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். தன் முறை வரும்போது மட்டும் ஒலிபரப்பி, உடனே ஓய்ந்துவிடுவது ஒவ்வொரு கருவிக்கும் விதிக்கப்பட்ட ஒழுங்கு. பேச்சின்போது இது நொடிக்கு ஏறத்தாழ 217 முறை நிகழும். ஒலிபெருக்கிச் சுற்றுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அலையோடு எந்த வேலையும் இல்லை. ஆயினும் உள்ளே கிடக்கும் கம்பி அந்த அலைக்கு ஏரியலாகிவிடுகிறது. டிரான்சிஸ்டரோ, அலையை விட்டுவிட்டு அதன் எழுச்சியையும் ஓய்வையும் மட்டும் பிரித்தெடுத்து, காதுக்கு எட்டும் ஒலியாக்கித் தந்துவிடுகிறது. மின்காந்த இடையூறு என்பது இதுதான்: கெட்டுப்போன பாகம் எதுவும் இல்லை, எல்லாம் தத்தம் வேலையைச் செய்கின்றன, வந்த அலைதான் அழையாமல் வந்தது.

அந்தச் சுற்றில் கணக்கற்ற எலக்ட்ரான்கள் கூட்டமாக ஓடுவதால், சில பல தடுமாறினாலும் பாட்டு கேட்கும். நானோமீட்டர் அளவுச் சுற்றில் அந்தக் கூட்டம் இல்லை. ஓர் அட்டோஃபாரட், அதாவது ஃபாரட்டில் கோடி கோடியில் ஒரு பங்கைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய, மின்தேக்குதிறன் (மின்னூட்டத்தைத் தாங்கும் திறன்) கொண்ட உலோகத் துணுக்கில் ஒரே ஓர் எலக்ட்ரான் நுழைந்தால், அதன் மின்னழுத்தம் 0.16 வோல்ட் மாறிவிடும். அடுத்த எலக்ட்ரான் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வழிதவறி வந்த நுண்ணலை ஒன்று அதற்குச் சிறிது ஆற்றல் கொடுத்தால், அது உள்ளே தாவிவிடும்.

போதாக்குறைக்கு, எலக்ட்ரானுக்குத் தடுப்பைத் தாண்டாமலே அதன் ஊடாகக் கடக்கும் இயல்பும் உண்டு. குவாண்டம் ஊடுருவல் என்பது இதுதான். 2000-களின் நடுவில் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வாயிலுக்கு அடியிலிருந்த மின்காப்புப் படலம் 1.2 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்து அணு அடுக்குகள் வரை மெலிந்துவிட்டது. படலம் 0.2 நானோமீட்டர் மெலிந்தால் கசிவு சுமார் பத்து மடங்காகும் என்பதால், 2007-இல் ஹாஃப்னியம் என்ற உலோகம் கலந்த தடித்த படலத்துக்கு மாறினார்கள்.

நான் எப்போதும் திரும்பிச் செல்லும் சோதனை ஒன்று உண்டு. 1980-களின் நடுவில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் ஆகியோர் பெர்க்கிலியில் செய்து, 2025-இல் நோபல் பரிசு பெற்றது அது. இரு மீகடத்திகளுக்கு (கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களுக்கு) இடையே மெல்லிய மின்காப்பு உள்ள சந்தியைக் குளிர்வித்துக்கொண்டே போனால், அது மின்னழுத்தமில்லாத தன் நிலையிலிருந்து தப்பும் வேகம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் குறையாமல் நின்றுவிடுகிறது. வெப்பத்தின் உந்துதலால் மட்டும் தப்பியிருந்தால் வேகம் குறைந்துகொண்டே போயிருக்கும்; நின்றுவிட்டது குவாண்டம் ஊடுருவலின் அடையாளம். ஆனால் வெளியிலிருந்து நுழைந்த இரைச்சல் சந்தியை ஆட்டிவைத்தாலும் வேகம் அப்படியே நின்றுவிடுமே! கம்பிகளைச் செம்புத்தூள் நிரப்பிய குழாய்களின் வழியே கொண்டுசென்று, நுண்ணலைகளை அந்தத் துகள்களிலேயே வெப்பமாக மடியச் செய்தார்கள். அத்துடன் விடவில்லை. காந்தப்புலத்தால் அதே சந்தியை வலுவிழக்கச் செய்து, ஊடுருவல் தொடங்கும் வெப்பநிலையைத் தாழ்த்தினார்கள். முன்பு நின்ற இடத்தையும் தாண்டி இப்போது வேகம் குறைந்துகொண்டே போனது. இரைச்சல்தான் காரணம் என்றால் இப்போதும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். எனக்கு ஊடுருவலைவிட இந்தச் சந்தேகம்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

கடிகாரம் என்னை முந்திவிட்டது. சில்லுக்குள் அருகருகே ஓடும் கம்பிகள் ஒன்றையொன்று உலுக்குவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அவற்றுக்கிடையே தரையிணைப்புள்ள கம்பி ஒன்றை ஓடவிட்டுத் தடுக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.