உப்புமூட்டை ஏறிப் போட்ட ஓட்டு

எல்லோருக்கும் வணக்கம். இந்த மேடைக்கு என்னை யாரும் தூக்கி வரவில்லை, நானே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறினேன். மதுரையில் என்னைப் பேசக் கூப்பிட்ட இடங்களில் இது அபூர்வம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்குப் பார்த்துச் சாய்தளம் போட்டவர்களுக்கு முதல் நன்றி.

சரி, நம் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி கதைக்கு வருகிறேன். 1965இல் அலிகாரில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை, பதினைந்து வயதுக்குள் சக்கர நாற்காலி. அமெரிக்காவில் இதழியல் படித்துவிட்டு 1989இல் ஊர் திரும்பினால், பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவர் எழுத்துக்கு முன்னால் நாற்காலிதான் கண்ணில் பட்டது. 1995 டிசம்பர் 19 அன்று ஊனமுற்றோரைத் திரட்டி டெல்லி வீதியில் இறங்கினார். மூன்றே நாளில், 22ஆம் தேதி, நமக்கான முதல் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது, அதாவது நாம் கணக்கிலேயே இல்லை. அதற்கும் போராடினார். 2001இல் கேட்டார்கள், 2 கோடியே 19 லட்சம் பேர் இருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. விமானத்தில் ஏறி இறங்கப் பட்ட பாட்டை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதும் அவர்தான்.

ஆனால் என் வாழ்க்கைக்குள் வந்தது அவருடைய இன்னொரு வேலை. மேலூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மூன்று படி. என் முதல் ஓட்டுக்கு அண்ணன் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போனான், வரிசையில் நின்றவர்கள் "பாவம், வழி விடுங்கப்பா" என்றார்கள், அது எனக்கு அழுகையாக வந்தது. அப்புறம் மறைப்புக்குள்ளும் அவன் முதுகில்தான் இருந்தேன். எந்தச் சின்னத்தில் முத்திரை குத்தினேன் என்று அவனுக்கும் தெரியும். ரகசிய வாக்கு என்று எல்லோருக்கும் இருந்தது எனக்கு மட்டும் இல்லை.

2004 தேர்தலின்போது அபிதியின் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வாக்குச்சாவடியில் மரத்தாலாவது சாய்தளம் வேண்டும் என்று உத்தரவு வாங்கியது. எங்கள் ஊருக்கு அது வந்து சேரக் கொஞ்சம் காலம் ஆனது. வந்தபோது இரண்டு பலகை, நடுவில் இடைவெளி, ஓரத்தில் ஆணித்தலை தெரிந்தது. சக்கரம் மாட்டிவிடுமோ என்று பயந்து பயந்து, ஆனாலும் நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அபிதி 2018இல், 52 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தப் பலகையில் ஏறி ஓட்டுப் போட்ட அன்றைக்கு, விரலில் மையோடு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்ற அண்ணன், "யாருக்குடா போட்ட?" என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை.