ஜோடி இல்லாத நாயகி

வணக்கம் நேயர்களே. கே. பி. சுந்தராம்பாள் என்றதும் நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாக நிற்கிற ஔவையார்தான் நம் கண்ணில் வருகிறார். அந்தப் பாட்டி உருவம் மனசில் அழுத்தமாகப் பதிந்துவிட்டதால், தன் தொழிலைத் தன் நிபந்தனைப்படி நடத்திக் காட்டிய நடிகையை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

1908-இல் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தவர். வறுமையான குடும்பம். ரயிலில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டவர்கள் மூலம் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் துடிக்கிற பிள்ளை வேஷம். பசி எப்படி இருக்கும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மேடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் எனப்படும் கதாநாயகன் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் எனப்படும் கதாநாயகி இன்னொரு ஊரிலிருந்தும், பபூன் எனப்படும் கோமாளி வேறெங்கிருந்தோவும் அன்றைக்குத்தான் வந்து சேர்வார்கள். கூட்டு ஒத்திகை கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆட வேண்டியதுதான். மைக் இல்லை. ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டை என்கிற உச்ச சுருதியைப் பிடித்தால் அதற்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டும். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வருமே, அங்கே எதிராளி எழுதாத கேள்வியைப் போடுவார். மடக்கிப் பதில் சொல்லாவிட்டால் கூட்டம் விடாது. சுந்தராம்பாளின் உச்சரிப்பும் துணிச்சலும் இந்தப் பட்டறையில் உருவானவை.

இலங்கை மேடைகளில் நடித்தபோதுதான் பாடகரும் நாடக நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். 1927-இல் திருமணம். அந்தக் காதலைப் பற்றியும் அதன் துயரத்தைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. 1933 டிசம்பரில், முப்பது வயதுகூட ஆகாத கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு.

இந்த முடிவை வெறும் சோகக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நடிகைக்கு ஜோடி வேஷம்தான் பிழைப்பு என்றிருந்த காலம் அது. அந்த வழியை அவரே அடைத்துக்கொண்டார். அப்புறம் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் ‘நந்தனார்’ படத்துக்கு அழைத்தார். ஆளைத் திருப்பி அனுப்பத்தான் சுந்தராம்பாள் லட்ச ரூபாய் கேட்டாராம். அசன்தாஸோ சரி என்று ஒப்புக்கொண்டார். 1935-இல் வெளிவந்த அந்தப் படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். பத்திரிகை விமர்சனம் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் லட்ச ரூபாய் நடிகை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது.

அடுத்து 1940-இல் ‘மணிமேகலை’. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். மறுவருஷம் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவை. நந்தனார் சிவனடியார், மணிமேகலை பௌத்தத் துறவி, கவுந்தி சமணத் துறவி, ஔவையோ ஊர் ஊராக நடக்கிற புலவர். யாருக்குமே ஜோடி தேவையில்லை! இலக்கியத்திலும் புராணத்திலும் தனியாக நிமிர்ந்து நிற்கிற பாத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்தன. நாயகனைச் சார்ந்திராத நாயகி இடத்தை அந்த நாளிலேயே அவர் தமிழ் சினிமாவில் பிடித்துவிட்டார். ‘ஔவையார்’ படம் வெளிவந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வாய்ப்புக் கிடைத்தால் ‘திருவிளையாடல்’ படத்தின் ‘பழம் நீயப்பா’ பாட்டை மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். இசை கே. வி. மகாதேவன். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்கு முன்னால் நின்று பாடினாலும், கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் குரலை அனுப்புகிற பழக்கம் அவரை விடவில்லை. ‘பழம்’ என்று எடுக்கும்போது அந்த ழகரம் எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று கவனியுங்கள். சங்கதி என்கிற இசை நெளிவு எவ்வளவு வேகமாக வந்தாலும் எழுத்து சிதையாது. கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானம் செய்கிற பாட்டியின் கனிவும் அந்தக் கம்பீரத்துக்குள்ளேயே இருக்கிறது. மேடையில் தேறியவர் என்பதற்கு எனக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

அரசியலிலும் இப்படித்தான். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி காலத்திலிருந்தே காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்ற அவைக்குள் போன முதல் கலைஞர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

1969-இல் வந்த ‘துணைவன்’ படத்தில் பாடியதற்கு, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அந்த விருது ஏற்பட்டு அது இரண்டாவது வருஷம்தான். முதல் வருஷம் பி. சுசீலா வாங்கினார். பின்னணிப் பாடகி என்ற ஏற்பாடே வருவதற்கு முன்பு, நடிப்பவரே பாடியாக வேண்டிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர் சுந்தராம்பாள். படத்தில் தன் முகத்துக்குத் தானே பாடித்தான் அந்த விருதை வாங்கினார். நன்றி, வணக்கம்.